டேட்டா எங்கே போகிறது? மலையகத்துப் போன்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெக்கேஜ் போட்ட மூன்றாம் நாளே "உங்கள் டேட்டா முடிந்துவிட்டது" என்று குறுந்தகவல் வந்தால், பலரும் உடனே அதைவிடப் பெரிய பெக்கேஜைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. போட்ட டேட்டா எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழியை அடைக்காமல் பெரிய பெக்கேஜ் வாங்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

2022 செப்டெம்பரில் இலங்கையில் தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாய்க்கும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய்க்கும் வந்தது. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து வாங்கும் அந்தக் காசில் ஒரு பங்கு, பிள்ளையின் பாடத்துக்கென்று ரீலோட்டாகப் போகிறது. இலங்கையில் ஒரு ஜிபியின் விலை மற்ற நாடுகளை விடக் குறைவு என்று சொல்வார்கள். டவருக்கு நேரே வீடு இருப்பவருக்கு அந்தக் கணக்கு சரி. டயகமவிலோ பொகவந்தலாவையிலோ மலைமடிப்புக்குள் இருப்பவர் ஒரே கோப்புக்கு இரண்டு முறை, மூன்று முறை பணம் கட்டுகிறார். அந்த இரண்டாவது, மூன்றாவது தடவையை நிறுத்துவதற்குத்தான் இந்த வழிமுறை.

முதலில் கணக்கை எடுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம். போனின் செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குள் போய் மொபைல் டேட்டா பாவனையைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். மேலே ஒரு திகதி இருக்கும். அது பொதுவாக மாதத்தின் முதலாம் திகதியாக இருக்கும். அதை உங்கள் பெக்கேஜ் தொடங்கிய திகதிக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போன மாதத்துப் பாவனையும் இந்த மாதத்துப் பாவனையும் கலந்து, எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வரிசையில் ஒரு செயலியைத் தொட்டால் அதன் கணக்கு முன்னணி, பின்னணி என்று இரண்டாகப் பிரியும். நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது போனது முன்னணி. போன் சட்டைப் பையிலும் தலையணைக்கு அருகிலும் கிடந்தபோது போனது பின்னணி. முன்னணி பெரிதாக இருந்தால் பிரச்சினை பார்க்கும் விதத்தில் இருக்கிறது. பின்னணி பெரிதாக இருந்தால் செட்டிங்ஸில் இருக்கிறது. இரண்டும் சிறிதாக இருந்தும் டேட்டா தீர்ந்திருந்தால் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். இரவு படுக்கும்போது நிறுவனத்தின் செயலியில் மீதியைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். விடிந்ததும் மறுபடி எழுதுங்கள். இந்த இரண்டு எண்களும் பிறகு தேவைப்படும்.

அறிகுறி: தரவிறக்கம் பாதியில் நிற்கிறது, மறுபடி தொடக்கத்திலிருந்து வருகிறது

மலையகத்தில் மிக அதிகமாகக் காசைக் கரைப்பது இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருத்தி கடந்தகால வினாத்தாள் தொகுப்பொன்றை இறக்குகிறாள். 40 எம்பி. நீலக் கோடு மெல்ல நகர்ந்து 36 எம்பியில் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் தோல்வி என்று காட்டுகிறது. மறுபடி தொட்டால் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. அதே இடத்தில் இன்னொரு தடவை நின்று மூன்றாம் தடவை முழுதாக வந்து சேர்ந்தால், 40 எம்பி கோப்புக்கு 112 எம்பி கழிந்திருக்கும். கையில் இருப்பதோ ஒரே கோப்பு.

வராத கோப்புக்கு ஏன் கழிக்கிறார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. டேட்டாவின் அளவை நிறுவனம் உங்கள் போனில் வைத்து அளப்பதில்லை. டவரிலும் அளப்பதில்லை. இணையமும் அவர்களது வலையமைப்பும் சந்திக்கும் வாயிலில் வைத்து அளக்கிறது. அந்த வாயிலைத் தாண்டியது எல்லாம் கணக்கில் ஏறிவிடும். அங்கிருந்து உங்கள் லயன், அதாவது தோட்டத்து வரிசை வீடு, வரைக்கும் உள்ள வழியில் சிக்னல் அறுந்து துண்டுகள் தொலைந்துபோனால், அனுப்பிய கணினி அவற்றைத் திரும்ப அனுப்பும். திரும்ப வந்ததும் அதே வாயிலைத் தாண்டித்தான் வரவேண்டும். சிக்னல் மோசமான இடத்தில் டேட்டா விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்னல் ஏன் அறுகிறது? பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். போனுக்கும் டவருக்கும் இடையில் ஓடும் அலைகளைப் பனிமூட்டம் பெரிதாகத் தடுப்பதில்லை. கடும் மழை, டவருக்கும் டவருக்கும் இடையிலுள்ள நுண்ணலை இணைப்பைப் பாதிக்கலாம். அப்போது முழுப் பிரதேசத்துக்கும் வேகம் குறையும். அன்றாடம் நம்மை மறிப்பது மலைதான். அதற்கு அடுத்தது தலைக்கு மேலே இருக்கும் தகரம். தகரக் கூரை அலைகளைத் திருப்பி அடிக்கும். லயன் காம்பராவின் உள்ளே அடுப்பங்கரையில் இருந்து இறக்குவதற்கும், இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வந்து உட்கார்ந்து இறக்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எந்த இடம் நல்லது என்பதைத் திரையின் மேலே தெரியும் பட்டைகளை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் பலம் ஒரு கழித்தல் எண்ணாக இருக்கும். 4ஜியில் −90 அளவில் இருந்தால் நல்லது. −110 ஐத் தாண்டி −115, −120 என்று போனால் அங்கே பெரிய கோப்பை இறக்கவே கூடாது. இந்த எண்ணில் பத்து வித்தியாசம் என்றால் சிக்னல் பலத்தில் பத்து மடங்கு வித்தியாசம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல், பைப் அடி, காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களம், ரோட்டு முடக்கு என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஓரிடத்தில் வந்ததும் எண் சட்டென்று நல்லதாகி −95 என்று நிற்கும். அந்த இடத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் ஊவாவின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டு வழியே நடந்து பாறை ஏறி இணைய வகுப்பு நடத்தியதை உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்தன. மலையில் வாழும் பிள்ளைக்குப் பாடம் அப்படித்தான் கிடைக்க வேண்டும் என்று யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஆனால் டவர் வரும்வரை, வீட்டைச் சுற்றியிருக்கும் நல்ல இடத்தைத் தெரிந்துவைத்திருப்பது காசைக் காப்பாற்றும்.

இடம் கிடைத்த பிறகும் நின்றால் நேரத்தைப் பாருங்கள். மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரே டவரில் எல்லோரும் தொங்குவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே கோப்பு ஒரே மூச்சில் இறங்கிவிடும். பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரம் அதற்குள்ளும் வரும். இரவு டேட்டா எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைப் பெக்கேஜ் விபரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் தரவிறக்கம் நிற்கிறதா? பல போன்கள் அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். செட்டிங்ஸில் சிம் பகுதியில், அழைப்பையும் 4ஜியிலேயே பேச விடும் வோல்டீ (VoLTE) என்று ஒன்று இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாத போனாக இருந்தால், பெரிய கோப்பு இறங்கும் நேரத்தில் அழைக்க வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்.

சிக்னல் போய்விட்டால் தரவிறக்கத்தை ரத்துச் செய்யாதீர்கள், இடைநிறுத்துங்கள். ரத்துச் செய்தால் வந்த துண்டுகள் அழிந்துவிடும். இடைநிறுத்தினால் நல்ல சிக்னல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வாய்ப்பிருக்கிறது. எல்லாத் தளங்களும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கொடுக்காத தளத்திலிருந்து பெரிய கோப்பை எடுக்க வேண்டுமானால், டவுனுக்குப் போகும் நாளில் எடுப்பதுதான் மலிவு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமே அதற்குப் போதும்.

கோப்பைச் சிறிதாக்க வழி உண்டா என்றும் பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை அத்தியாயம் அத்தியாயமாகவும் எடுக்கலாம். நாளைக்கு வேண்டியது மூன்றாம் அத்தியாயம் என்றால் அதை மட்டும் எடுங்கள். 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகத் தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் கோப்பின் அளவு எத்தனை எம்பி என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

அறிகுறி: போனைத் தொடவே இல்லை, விடிந்து பார்த்தால் டேட்டா குறைந்திருக்கிறது

நீங்கள் எழுதிவைத்த இரவு எண்ணும் காலை எண்ணும் இங்கேதான் உதவும். வித்தியாசம் சில எம்பி என்றால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் என்றால் பின்னணிக் கணக்கில் முதலிடத்தில் இருக்கும் செயலியைப் பிடியுங்கள்.

பெரும்பாலும் அது வட்ஸ்அப். குடும்பக் குழு, பாடசாலைக் குழு, கோயில் திருவிழாக் குழு, சங்கத்துக் குழு என்று ஒரு வீட்டுப் போனில் பத்துக் குழுக்கள் இருக்கும். விடியும் முன்பே காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கிவிடும். மொபைல் டேட்டாவில் படங்கள் தானாக இறங்குவதுதான் வட்ஸ்அப்பின் வழக்கமான அமைப்பு. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா பகுதிக்குள் தானியங்கித் தரவிறக்கம் இருக்கிறது. மொபைல் டேட்டா என்ற வரியைத் தொட்டு, படம், ஒலி, வீடியோ, ஆவணம் நான்கிலும் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வேண்டிய படத்தை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். அதே இடத்தில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற ஒன்றும் இருக்கிறது. அதை இயக்குங்கள். வெளிநாட்டில் வேலைசெய்யும் அக்காவோடு பேசுவது குறையக் கூடாது, அதற்கான செலவுதான் குறைய வேண்டும்.

பழைய உரையாடல்களைப் பாதுகாத்து வைக்கும் பெக்கப் இன்னொரு திருடன். அது வைஃபையில் மட்டும் நடக்கட்டும், வீடியோக்கள் அதில் சேர வேண்டாம். கூகுள் போட்டோஸ் நீங்கள் எடுக்கும் படங்களைத் தானாக மேலேற்றுகிறதா என்றும் பாருங்கள். கல்யாண வீட்டில் எடுத்த வீடியோ ஒன்று மேலேறினால் ஒரு நாள் பெக்கேஜ் தீர்ந்துவிடும். மேலே போவதும் கீழே வருவதும் ஒரே கணக்கில்தான் கழியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிளே ஸ்டோரில் செயலிகள் வைஃபை இருக்கும்போது மட்டும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று மாற்றுங்கள். அண்ட்ரொய்ட் போனின் நெட்வேர்க் பகுதியில் டேட்டா சேவர் இருக்கிறது. அதை இயக்கினால் பின்னணியில் எந்தச் செயலியும் டேட்டா எடுக்க முடியாது, நீங்கள் அனுமதித்தவற்றைத் தவிர. வட்ஸ்அப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் செய்தி தாமதமாகாமல் வரும். என் கருத்தில், இந்த வழிமுறையில் வேறு ஒன்றையும் செய்ய நேரமில்லாதவர் இதை மட்டுமாவது செய்ய வேண்டும்.

குரோமில் முன்பு லைட் மோட் என்று ஒன்று இருந்தது. அது 2022 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேட வேண்டாம். பக்கங்களைச் சுருக்கிக் கொடுக்கும் உலாவி வேண்டுமானால் ஒபேரா மினி இருக்கிறது. வங்கி வேலைக்கு மட்டும் அதைப் பாவிக்காதீர்கள்.

அறிகுறி: தம்பிக்கு ஹொட்ஸ்பொட் கொடுத்தால் டேட்டா ஓடிவிடுகிறது

மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் பூட்டி வைத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் ஹொட்ஸ்பொட்டில் இணையும் போனைப் பொறுத்தவரை அது வைஃபை. வைஃபைக்கென்று காத்திருந்த புதுப்பிப்பும் பெக்கப்பும் வீடியோக்களும் அந்த நேரத்தில் ஒன்றாக இறங்கத் தொடங்கும். சிம் போட்ட வீட்டு ரவுட்டரிலும் இதே கதைதான். அதுவும் மொபைல் டேட்டாதான், ஆனால் போன் அதை அளவில்லாத வைஃபை என்று நினைத்துக்கொள்ளும்.

இணையும் போனில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு உள்ளே போனால், அளவுள்ள இணைப்பு என்று குறிக்க ஓர் இடம் இருக்கும். குறித்துவிடுங்கள். மடிக்கணினியை இணைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று வந்தால் ஜிபிக் கணக்கில் போகும். விண்டோஸிலும் இணைப்பின் பண்புகளில் மீட்டேர்ட் என்று குறிக்கலாம்.

அறிகுறி: போன் ஒரு கணக்குச் சொல்கிறது, நிறுவனம் இன்னொரு கணக்குச் சொல்கிறது

சிறு வித்தியாசம் இருக்கும். தொலைந்து திரும்ப வந்த துண்டுகள் நிறுவனத்தின் கணக்கில் இருக்கும், போனின் கணக்கில் இருக்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வீட்டுத் தராசைக் காட்டி வழக்காட முடியாததைப் போல, இங்கேயும் கழிப்பது அவர்கள் அளந்த அளவுதான். அதனால்தான் உங்கள் பக்கத்து எண்ணை எழுதிவைக்கச் சொல்கிறேன். போன் 2 ஜிபி என்று சொல்லும்போது நிறுவனம் 2.2 என்றால் அது சிக்னலின் வேலை. நிறுவனம் 4 என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். இரண்டு சிம் போடும் போனில் எந்தச் சிம்மில் டேட்டா ஓடியது? சில போன்களில் ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றச் சிம்முக்குத் தானாக மாறும் வசதி இருக்கிறது. மலைக்கு மலை ஒவ்வொரு நிறுவனத்தின் சிக்னல் மாறும் நம் ஊரில் அது அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். பெக்கேஜ் இல்லாத சிம்மில் சாதாரணக் கட்டணத்துக்கு ஓடிவிடும். அதை நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: யூடியூப் பெக்கேஜ் இருக்கிறது, ஆனாலும் பிரதான மீதி கழிகிறது

ஒரு செயலிக்கென்று கொடுக்கும் பெக்கேஜ் அந்தச் செயலிக்குள் மட்டும்தான் செல்லும். யூடியூப் வீடியோவின் கீழே ஆசிரியர் கொடுத்த இணைப்பைத் தொட்டு வினாத்தாளை எடுத்தால், அது யூடியூப் அல்ல. ஃபேஸ்புக்கில் ஒரு செய்தியைத் தொட்டால் அது திறப்பது செய்தித் தளம். அந்த நேரத்தில் பொதுவான டேட்டா இல்லாவிட்டால் பிரதான மீதியில் கைவைக்கும் சிம் இணைப்புகள் உண்டு. பெக்கேஜுக்கு வெளியே ஓடும் டேட்டாவின் விலை பெக்கேஜ் விலையை விட மிகக் கூடுதல்.

பெக்கேஜ் முடிந்ததும் டேட்டா நின்றுவிட வேண்டும், மீதியிலிருந்து கழியக் கூடாது என்று நிறுவனத்தின் செயலியில் நிறுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். போனிலும் ஒரு காவல் போடலாம். டேட்டா பாவனைப் பகுதியில் எச்சரிக்கை அளவு, எல்லை அளவு என்று இரண்டு இருக்கும். பெக்கேஜ் 5 ஜிபி என்றால் எல்லையை 4.8 இல் வையுங்கள். அந்த அளவு வந்ததும் போன் தானாக டேட்டாவை நிறுத்திவிடும்.

வேறொரு விடயம்: கல்விக்கென்று பெக்கேஜ் வாங்கும்போது அதில் எந்தெந்தச் செயலிகள் சேரும் என்று கேட்டு வாங்குங்கள். சூம் சேர்ந்து கூகுள் டிரைவ் சேராமல் இருக்கலாம். ஆசிரியர் பாடக்குறிப்பு போடுவது டிரைவிலாக இருக்கலாம்.

அறிகுறி: ரீலோட் போட்ட கையோடு காசு குறைந்துவிடுகிறது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, முன்பு எடுத்த கடன். மீதி இல்லாத நேரத்தில் நிறுவனம் கொடுக்கும் அவசரக் கடனும் அதன் சேவைக் கட்டணமும் அடுத்த ரீலோட்டில் முதலில் கழியும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் கடன் எடுத்து, சம்பள நாளில் ரீலோட் போட்டு, குறைந்த மீதியில் சிறிய பெக்கேஜ் வாங்கி, அது தீர்ந்ததும் மறுபடி கடன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேவைக் கட்டணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாதத்தில் இன்னொரு பெக்கேஜ் வாங்கியிருக்கலாம். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விடயம், ஏனென்றால் கையில் காசு குறைந்தவர்தான் இங்கே ஒரே ஜிபிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இரண்டாவது, சந்தா. ராசிபலன், கிரிக்கெட் செய்தி, அழைப்புப் பாட்டு, விளையாட்டு என்று எப்போதோ ஒரு விளம்பரத்தில் தொட்டது நாளுக்குச் சில ரூபாய் கழித்துக்கொண்டிருக்கும். சிறு பிள்ளைகள் விளையாடும் போனில் இது அதிகம். நிறுவனத்தின் செயலியில் இயங்கும் சேவைகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். செயலி தெரியாத பெரியவர்கள் வாடிக்கையாளர் சேவையைத் தமிழில் அழைத்து, என் இலக்கத்தில் உள்ள எல்லாச் சந்தாச் சேவைகளையும் நிறுத்துங்கள் என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, வரி. விளம்பரத்தில் போட்ட விலை வரி சேர்ந்ததா, சேராததா என்று பாருங்கள்.

அறிகுறி: வகுப்புப் பார்த்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது

கணக்கு எளிது. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. யூடியூபில் 720 தரத்தில் ஒரு மணி நேரப் பாடம் ஒரு ஜிபி அளவுக்குப் போகும். 360 இல் ஏறக்குறைய 300 எம்பி. 144 இல் 100 எம்பிக்குக் கிட்ட. பலகையில் எழுதுவது தெரிய வேண்டுமானால் 360 போதும். தமிழ் இலக்கியம், வரலாறு போலக் கேட்டுப் படிக்கும் பாடத்துக்கு 144 தாராளம். யூடியூபின் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்கான தரத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு பாடம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். பிள்ளை நித்திரையாகிவிட்டால் அது விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.

சூமில் செலவைக் கூட்டுவது முகங்கள். ஆசிரியர் திரையில் எழுதிக் காட்டுவதற்குப் போகும் டேட்டா சொற்பம், குரலுக்குப் போவதும் மணிக்கு 30, 40 எம்பிக்குள் அடங்கும். எல்லோரும் கமெராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் நூற்றுக்கணக்கில் ஏறும். ஆசிரியர்கள் இதில் பெரிய உதவி செய்யலாம்: இடாப்பு எடுக்கும் நேரம் மட்டும் கமெரா, பிறகு எல்லோரும் நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் பலகையைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். சிக்னல் அறுந்த பிள்ளை முழுப் பதிவையும் இறக்க வேண்டியிருக்காது.

அறிகுறி: ஒரே கோப்பு ஊர் முழுக்கத் தனித்தனியாக இறங்குகிறது

இதை யாரும் பழுது என்று நினைப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய பழுதாகத் தெரிகிறது. ஆசிரியர் 20 எம்பி பாடக்குறிப்பைக் குழுவில் போடுகிறார். வகுப்பில் நாற்பது பேர். நாற்பது போனிலும் இறங்கினால் 800 எம்பி. அந்த நாற்பதில் பத்துப் பேர் ஒரே டிவிஷனில் பக்கத்துப் பக்கத்து லயன்களில் இருப்பவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மலைக்கு அப்பால் உள்ள டவரிலிருந்து, அறுந்து அறுந்து, அதே கோப்பை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவர் இறக்கினால் போதும். மற்றவர்களுக்கு போனிலிருந்து போனுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அண்ட்ரொய்ட் போன்களில் குயிக் ஷெயர் இருக்கிறது. முன்பு நியர்பை ஷெயர் என்று இருந்தது 2024 இல் இந்தப் பெயருக்கு மாறியது. இரண்டு போனிலும் புளூடூத்தையும் வைஃபையையும் இயக்க வேண்டும். இணைய இணைப்புத் தேவையில்லை. ரீலோட் இல்லாத போனுக்கும் போகும். அதன் செட்டிங்ஸில் டேட்டா பாவனை என்ற இடத்தில் இணையம் இல்லாமல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தவறுதலாகவும் டேட்டா போகாது. கோப்பைத் தெரிவுசெய்து பகிர் என்பதைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் போன்களின் பெயர்கள் திரையில் தெரியும். பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் 20 எம்பி சில நொடிகளில் போய்விடும். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு ஒரு தடவை செய்து காட்டினால்தான் வீட்டில் பெரியவர்கள் நம்புவார்கள்.

போன் பழையதாக இருந்து குயிக் ஷெயர் இல்லாவிட்டால் புளூடூத் இருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் போகும். பெரிய தொகுப்புகளுக்கு மெமரி கார்ட் அல்லது போனில் செருகும் பென் டிரைவ். கோப்புப் பகிர்வுக்கென்று விளம்பரம் நிறைந்த செயலிகளை இறக்க வேண்டாம். அந்த விளம்பரங்களே டேட்டாவைத் தின்னும்.

நான் விரும்புவது இன்னும் ஒரு படி மேலே. தோட்டத்தில் வாசிகசாலை, முன்பள்ளி, கோயில் மண்டபம் என்று பொதுவான இடம் ஏதாவது இருக்கும். டவுனில் வேலைசெய்யும் தம்பியோ தங்கையோ நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் மாதம் ஒரு தடவை பாடநூல்கள், வினாத்தாள்கள், "நூலகம்" தளத்திலிருந்து எடுத்த நூல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கி வந்தால், அதிலிருந்து முழுத் தோட்டமும் எடுத்துக்கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக வைத்து, இணையம் இல்லாமலே படிக்கலாம். அதையும் அந்தப் பென் டிரைவில் சேருங்கள். கோப்புகளுக்குப் பெயர் போடும்போது தரம், பாடம், ஆண்டு மூன்றும் தெரியும்படி போடுங்கள். "புதிய கோப்பு 7" என்று இருந்தால் பிள்ளை திறந்து பார்க்காமல் மறுபடி இணையத்தில் தேடும். கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் ஆசிரியரின் வீடியோக்களை மட்டும் அவரைக் கேட்காமல் அதில் போடாதீர்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

அப்படியானால் பிழை உங்கள் போனில் இல்லாமல் இருக்கலாம். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இலக்கம் தராமல் "பார்க்கிறோம்" என்று சொன்னால் அழைப்பை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதிவைத்த இரவு எண், காலை எண், போனின் பாவனைப் பக்கத்தைப் பிடித்த ஸ்கிரீன்ஷொட், பெக்கேஜ் தொடங்கியதாக வந்த குறுந்தகவல் இவற்றை அழிக்க வேண்டாம்.

அங்கே தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் அது. 1900 என்ற இலக்கத்தில் அழைக்கவும் முடியும். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. சிக்னல் இல்லாத குறை என்றால் ஒருவராக எழுதாமல், அந்த டிவிஷனில் உள்ளவர்கள் சேர்ந்து, தோட்டத்தின் பெயர், கிராம சேவகர் பிரிவு, எந்த நிறுவனத்தின் சிம், எந்தெந்த இடத்தில் சிக்னல் எண் எவ்வளவு என்று அட்டவணை போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். நடந்து நடந்து எடுத்த அந்த −118, −120 எண்களை அப்படியே எழுதுங்கள். பிரதியொன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.